பளிச்சென்று எரிந்தால் போதுமா?

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை பிற்பகல், கண் நன்றாக இருந்தும் எதுவும் தெரியாமல் ஓர் அறைக்குள் முழங்காலிட்டுக் கிடந்தேன். விளக்கு இல்லாததால் அல்ல. என் ஹெல்மெட்டின் நெற்றியில் ஆயிரம் லூமன் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால்.

நான் புலாவ் செபாங்கில் பிறந்து வளர்ந்தவன். 'புலாவ் என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, தீவு எங்கே, கடல் எங்கே?' என்று வெளியூர் நண்பர்கள் கேலி செய்வார்கள். ரயிலில் மலாக்காவுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் எங்கள் ஊரை நன்றாகத் தெரியும். மலாக்கா பட்டணத்துக்குள் ரயில் போவதில்லை. புலாவ் செபாங், தம்பின் என்று இரண்டு ஊர்ப் பெயரையும் சுமந்து நிற்கும் எங்கள் நிலையத்தில் இறங்கித்தான் பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும்.

ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்பு வேலை. ஓய்வு நேரத்தில் வட்டாரத் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் இருக்கிறேன். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பத்துப் பேர். நன்கொடையாக மூவாயிரம் வெள்ளி சேர்ந்தபோது, ஹெல்மெட்டில் பொருத்தும் விளக்கு வாங்கலாம் என்று முடிவாயிற்று. "நீதான் கரண்டு வேலை தெரிஞ்சவன், நீயே பார்த்துச் சொல்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனக்கு அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. இரவு சாப்பிட்டுவிட்டு கைப்பேசியில் தேடினேன். ஆயிரம் லூமன், ரீசார்ஜ் செய்யலாம், விலை 79 வெள்ளி. நானூறு பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். மாதிரிக்கு ஒன்றை வரவழைத்து வீட்டு வாசலில் எரியவிட்டேன். எதிர்வீட்டு மாமரத்தில் இலை இலையாக எண்ணலாம் போலிருந்தது. "பத்து வாங்கினால் 790 வெள்ளிதான், மிச்சம் இரண்டாயிரத்துக்கு மேல்" என்று குழுவின் வாட்ஸ்அப்பில் படத்தோடு பெருமையாகப் போட்டேன். எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமை பயிற்சி. பழைய கிடங்கு ஒன்றின் சன்னல்களைக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடி, புகை இயந்திரத்தை வைத்து அறையை நிரப்பியிருந்தார்கள். ஓர் அரிசி மூட்டைதான் 'மயங்கிக் கிடக்கும் ஆள்'. அதைத் தேடி இழுத்து வர வேண்டும். முகமூடி, காற்றுச் சிலிண்டர், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனேன். விளக்கைப் போட்டேன்.

கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது. வெளிச்சத்தைக் கூட்டினேன். சுவர் இன்னும் வெளுத்தது. நீட்டிய கையில் விரல்கள் தெரியவில்லை. சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அழுத்தமானியை முகத்தருகே கொண்டுவந்தும் முள் தெரியவில்லை. பயிற்சிதான், வெளியே ஆட்கள் நிற்கிறார்கள் என்று அறிவுக்குத் தெரிகிறது. நெஞ்சுக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியது.

"விளக்கை அணை!" என்று பயிற்சியாளர் மலாயில் கத்தினார்.

அணைத்தேன். தரையோடு தரையாகத் தலையைத் தாழ்த்தி, நாலைந்து மூச்சு எடுத்துக் காத்திருந்தேன். மெல்ல, இடப்பக்கம் கதவுக்கு அடியில் ஒரு கோடு போல வெளிச்சம் தெரிந்தது. என் விளக்கு எரிந்த நேரமெல்லாம் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதை என் விளக்குதான் மறைத்திருக்கிறது.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை.

"ஏன்டா, புகைக்குள்ள போறவனுக்கு நெத்தியில வெளக்கா? பனி இறங்குற அன்னிக்கு நாங்களே நெத்தியில வெச்சிக்க மாட்டோமே. கழட்டிக் கையில தாழப் புடிச்சிக்குவோம். நெத்தியில இருந்தா பனிதான் தெரியும், மரம் தெரியாது."

அம்மா எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டு. வெயில் ஏறிவிட்டால் பால் சரியாக ஓடாது என்பதால் இருட்டிலேயே நிரைக்குப் போய்விட வேண்டும். நெற்றியில் விளக்கு, இடுப்பில் கொசுவத்தி, கையில் உளி. தொடக்கத்தில் கார்பைடு விளக்கு. மேல்தட்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின்மீது விழும். அதில் கிளம்பும் வாயுதான் எரியும். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பிறகு பேட்டரி விளக்கு வந்தது. சிறு வயதில் லயத்து வாசலில் நின்று பார்ப்பேன். இருட்டில் ஆள் தெரியாது. மரத்துக்கு மரம் நகரும் விளக்குகள் மட்டும் தெரியும்.

தலைமுறை தலைமுறையாக நெற்றியில் விளக்குக் கட்டிய சமூகம் நம்முடையது. நானோ நானூறு பேர் போட்ட நட்சத்திரத்தை நம்பினேன். வீட்டில் இருந்தவரைக் கேட்கவில்லை.

அம்மா சொன்னதன் காரணத்தை பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். புகை என்பது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களின் கூட்டம். ஒளி அவற்றின்மீது பட்டுச் சிதறும். ஒரு பகுதி திரும்பிக் கண்ணுக்கே வரும். விளக்கு கண்ணுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, திரும்பி வரும் வெளிச்சமும் அவ்வளவு நேராகக் கண்ணில் அடிக்கும். அதிகாலைப் பனியில் கார் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைத் திரை. குறைத்தால் சாலை தெரியும். காரில் பனி விளக்குகளை பம்பருக்குக் கீழே தாழ வைப்பதும் இதற்காகத்தான்.

லூமன் கணக்கும் என்னை ஏமாற்றியிருந்தது. விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியேறும் மொத்த ஒளிதான் லூமன். ஒரு திசையில் அது எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதைக் கேண்டெலா என்ற அளவு சொல்கிறது. அமெரிக்காவில் 2009இல் வந்த டார்ச்லைட் தர அளவீட்டில், ஒளி 0.25 லக்ஸாக, அதாவது ஏறக்குறைய முழுநிலவு வெளிச்சமாகக் குறையும் தூரத்தையே 'பாயும் தூரம்' என்று அட்டையில் போடுகிறார்கள். 10,000 கேண்டெலா விளக்குக்கு அது 200 மீட்டர். நான் வாங்கியது அகலமாக விரிந்து பரவும் விளக்கு. மாமரத்துக்கு நல்லது. புகையில் அது கண்ணைச் சுற்றியிருந்த புகை முழுவதையும் ஒளியேற்றியது. குறுகிய கற்றையாகப் பாய்வது பக்கத்துப் புகையைத் தொந்தரவு செய்யாது.

இன்னொன்றும் உண்டு. பயிற்சியில் விடும் புகை வெள்ளை. மெத்தை, சோபா, பிளாஸ்டிக் எரியும் புகை கறுப்பு. அதன் கரித்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதோடு விழுங்கியும் விடும். அந்தப் புகை கெட்டியாக இறங்கிவிட்டால், எந்த விலை விளக்கும் அறையின் மறுகோடியைக் காட்டப் போவதில்லை.

'கட்டடம் எரிகிறது, தண்ணீர் அடித்தால் அணையாதா?' என்று நினைக்கிறவர்கள் சென்னை தியாகராய நகரை நினைத்துப் பார்க்கலாம். நம்மில் பலர் துணியெடுக்கப் போகும் தெரு அது. 2017 மே 31ஆம் தேதி அதிகாலை அங்கே சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. ஏழு மாடி. அடர்ந்த புகையால் வீரர்கள் உள்ளே நுழைய முடியாமல் திணறி, சுவரை உடைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. தீ ஒரு நாளைத் தாண்டியும் ஓயவில்லை. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதற்கும் முன்பு, 1999 டிசம்பர் 3 அன்று, அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பெரும்பாலும் சன்னல்களே இல்லாத ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கு எரிந்தது. உள்ளே தேடப் போன இரண்டு வீரர்கள் புகையில் வழிதவறினார்கள். அவர்களைத் தேடிப் போன நால்வரும் திரும்பவில்லை. ஆறு பேர். அவர்கள் பயிற்சியில்லாதவர்கள் அல்லர், முழுநேர வீரர்கள்.

அதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் நான் போட்ட படமும், அதன் கீழிருந்த கட்டைவிரல்களும் கண்முன் வந்துகொண்டே இருந்தன.

அடுத்த கூட்டத்தில் என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். தலைவருக்குப் பிடிக்கவில்லை. மிச்சமாகும் பணத்தில் குழுவுக்கு டி-சட்டை, ஆண்டு விருந்துக்குப் பேனர் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். "அன்னைக்கு நீதானே சூப்பர்னு சொன்னே? இப்ப விலை கூடினதைக் கேக்கிறே. கமிஷனா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்டாலும் வலித்தது. தப்பு என்னுடையது என்பதால் கோபப்படவும் முடியவில்லை.

அப்போது குழுவிலேயே இளையவர், பத்தொன்பது வயதுத் தங்கை, மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, எந்த விளக்கா இருந்தாலும் பரவால்ல. உள்ள நான் விழுந்துட்டா, நான் எங்க இருக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவ்வளவு நாளும் 'எனக்கு என்ன தெரியும்' என்றுதான் விளக்கைப் பார்த்திருந்தேன்.

வீட்டில் அதையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"வெளக்கு நமக்கு மட்டுமா? பக்கத்து நெரையில இருக்கறவளுக்கும்தான். சீவிக்கிட்டே ஓரக்கண்ணால பாத்துக்குவேன், அவ வெளக்கு நகருதான்னு. நகரலேன்னா ஒரு கொரல் குடுப்பேன். பாம்பு கடிச்சிக் கெடந்தாகூட அப்படித்தான் தெரியும். கரண்டு கம்பமா இருந்துச்சு அங்க?"

அடுத்த பயிற்சியில் தலைவரையே புகை அறைக்குள் அழைத்தேன். என் 79 வெள்ளி விளக்கை முதலில் அவர் நெற்றியில் மாட்டினோம். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார். பிறகு கடையில் இரவல் வாங்கிய இரண்டு விளக்குகள்: ஒன்று ஹெல்மெட்டின் பக்கவாட்டில் பொருத்தும் சிறியது, இன்னொன்று நெஞ்சில் கொக்கியால் மாட்டும், தலை வளைந்த வகை. இந்த முறை அரிசி மூட்டையோடு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "மேற்கோள் கடிதம் எங்கே, கையெழுத்துப் போடறேன்" என்றார்.

கடைசியில் வாங்கியது இதுதான். ஆளுக்கு ஒரு சிறிய ஹெல்மெட் விளக்கு, 130 வெள்ளி வீதம் பத்து. இருவருக்கு ஒரு நெஞ்சு விளக்கு, 320 வெள்ளி வீதம் ஐந்து. மொத்தம் 2,900 வெள்ளி. டி-சட்டைக்கு மிஞ்சியது நூறு வெள்ளி.

வேறு ஏதாவது குழுவோ தொழிற்சாலையோ இப்படி வாங்க நினைத்தால், நாங்கள் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

ஹெல்மெட் விளக்கின் பெரிய நன்மை, இரண்டு கையும் ஓய்வாக இருப்பது. ஒரு கையில் தண்ணீர்க் குழாய், மறுகை சுவரைத் தடவிக்கொண்டே போக வேண்டும். டார்ச்லைட் பிடிக்க மூன்றாவது கை இல்லை. ஆனால் அது கண்ணுக்கு அருகில் இருக்கிறது. புகை மேலே கெட்டியாகவும் தரைப்பக்கம் மெலிந்தும் இருக்கும். அதனால்தான் நெற்றிக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில், குறுகிய கற்றையோடு, அளவான வெளிச்சத்தில் எடுத்தோம். முன்னால் பார்க்க நெஞ்சு விளக்கு உதவும். அது கண்ணுக்குக் கீழே, மெல்லிய புகையில் இருக்கிறது.

எடை முக்கியம். மூச்சுக்கருவியும் மாட்டி அரைமணி தவழ்ந்தால் நூறு கிராம்கூடக் கழுத்தில் தெரியும். விளக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் தொங்கும் வயரில் மாட்டும். சுவிட்சை தடித்த கையுறையோடு போட முடிய வேண்டும். கடைக்காரரிடம் கையுறையை மாட்டிக்கொண்டுதான் சோதித்தோம். மூன்று விளக்குகள் அங்கேயே தோற்றன. தண்ணீருக்கு ஐபி67 என்ற குறி இருந்தால், தூசு புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி தாங்கும் என்று பொருள்.

வாயு பற்றிய சான்று கட்டாயம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படியும், நாங்கள் தவழும் அதே இடத்தில். சுவிட்ச் போடும்போது எழும் சிறு பொறி போதும். ஆகவே வெடிக்கும் வாயு உள்ள இடத்தில் பயன்படுத்தலாம் என்ற அடெக்ஸ் அல்லது அதற்கு இணையான சான்று இருக்கிறதா என்று பார்த்தோம். என் 79 வெள்ளி விளக்கில் இந்தச் சான்றும் இல்லை, உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி எவ்வளவு வெப்பம் தாங்கும் என்ற விவரமும் இல்லை. அது இப்போது எங்கள் வீட்டுக் கார் டயர் மாற்ற உதவுகிறது.

கடைசி விஷயம், தங்கையின் கேள்விக்குப் பதில். இந்த ஹெல்மெட் விளக்குகளின் பின்பக்கம் சிறிய பச்சை விளக்கு ஒன்று உண்டு. அணிந்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பின்னால் வருகிறவருக்குத்தான்.

சில மாதம் கழித்து ஒரு கடையின் பின்கட்டில் தீ. அட்டைப்பெட்டிகள். பெரிய தீ இல்லை. புகை மட்டும் இடுப்புவரை இறங்கியிருந்தது. பொம்பா வீரர்கள் முன்னால் போக, நானும் தங்கையும் குழாயை இழுத்துக் கொடுத்துக்கொண்டு பின்னால். எனக்கு முன்னே அவர் தலையின் பின்புறம் அந்தப் பச்சைப் புள்ளி. ஓர் அடி விலகினால் மங்கும், நெருங்கினால் தெளியும். ஓரிடத்தில் அது நகராமல் நின்றது. குரல் கொடுத்தேன். "ஒண்ணுமில்லண்ணே, குழாய் மாட்டிக்கிச்சு" என்றார். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் வெளியே வந்து பக்கத்து ஒட்டுக்கடையில் தே தாரேக் குடித்தோம். நாளிதழில் செய்தியாக வரும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் இருப்பதற்குத்தான் அந்த 2,900 வெள்ளி.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவில் புகை சூழ்ந்தால் நாம் முதலில் எடுப்பது கைப்பேசி. அதன் விளக்கை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். என் நெற்றி விளக்குக் கதைதான் நடக்கும். தாழப் பிடித்து, தவழ்ந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே வெளியேறுங்கள். வெளியே வந்ததும் 999. எதையும் எடுக்கத் திரும்பப் போகாதீர்கள்.

அதைவிட முக்கியம், கிரில் சாவி. திருடனுக்குப் பயந்து சன்னலிலும் வாசலிலும் இரும்புக் கம்பி போட்டு, பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுகிறோம். 2017 செப்டம்பர் 14 விடியற்காலையில் கோலாலம்பூர் தஹ்ஃபிஸ் சமயப் பள்ளியில் எரிந்த தீயில் 23 உயிர்கள் போயின, பெரும்பாலும் பிள்ளைகள். சன்னல் கம்பிகளைத் தாண்ட அவர்களால் முடியவில்லை. வீட்டில் சாவி எங்கே இருக்கிறது என்று, இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் பிள்ளையால் சொல்ல முடியுமா? இன்றிரவே கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் கேட்டேன். எனக்கே சரியாகத் தெரியவில்லை. அம்மா எழுந்து போய், வாசல் கிரில்லுக்குப் பக்கத்தில் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் ஆணி அடிக்கச் சொன்னார். சாவியையும் ஒரு சின்ன டார்ச்லைட்டையும் அதில் மாட்டினார். "இவ்வளவு தாழ எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"புகை வந்தா நீ நிமிந்தா நிப்பே?" என்றார்.